ஜெர்மன் பேரரசுக் கால சில்லறைக் காசுகள்: சேகரிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

1900-இல் பெர்லினில் அடித்த ஒரு பெனிக் செம்புக் காசை ஜெர்மன் வியாபாரிகள் இன்றும் கிலோக் கணக்கில் நிறுத்து விற்கிறார்கள். நூற்றிருபது வயது கடந்த காசு என்பதற்காக அங்கே யாரும் கூடுதலாகக் கொடுப்பதில்லை. அதே காசில் 1902 என்ற ஆண்டும் ஹாம்பர்க் நாணயச்சாலையின் 'ஜே' எழுத்தும் இருந்தால், அதைத் தனியாகப் பொதிந்து பத்திரப்படுத்துவார்கள். இந்தத் தொடரில் விலையை முடிவு செய்பவை ஆண்டும், எந்த நாணயச்சாலையில் அடித்தது என்று காட்டும் 'சாலை எழுத்தும்', தேய்மானமும்தான். 'ரொம்பப் பழசு' என்ற ஒரே காரணத்துக்காக வாங்கும் பழக்கம் இருந்தால், காசு வாங்கத் தொடங்கும் முன் அதை விட்டுவிடுங்கள்.

எல்லையை முதலில் வரையுங்கள்

1871-இல் ஜெர்மன் நாடுகள் ஒரே பேரரசாக இணைந்தன. 1873 ஜூலை 9-இல் வந்த நாணயச் சட்டம் ஒரு மார்க்குக்கு 100 பெனிக் என்ற கணக்கை நாடு முழுவதற்கும் பொதுவாக்கியது. 2 மார்க்கும் அதற்கு மேலும் உள்ள காசுகளில் பிரஷ்யா, பவேரியா, சாக்சனி என அந்தந்த நாட்டு மன்னரின் தலை இருக்கும். ஹாம்பர்க் போன்ற சுதந்திர நகரங்களின் காசுகளில் அந்த நகரின் சின்னம் இருக்கும். 1 மார்க்கும் அதற்குக் கீழும் உள்ளவற்றில் மன்னர் யாரும் கிடையாது. ஒரு பக்கம் பேரரசுக் கழுகு, மறுபக்கம் மதிப்பு, அவ்வளவுதான். தொடங்குபவருக்கு இது பெரிய வசதி. இருபதுக்கும் மேற்பட்ட அரசுகளைத் துரத்த வேண்டியதில்லை. பட்டியலுக்கு ஒரு முடிவு உண்டு.

அந்தப் பட்டியலில் குர்ட் யேகர் என்ற ஜெர்மன் நாணயவியலாளர் கொடுத்த எண்களே இன்றும் வழக்கில் உள்ளன. வியாபாரியின் விலைப்பட்டியல், ஏலக் குறிப்பு, ஈபே தலைப்பு எல்லாவற்றிலும் 'ஜே. 10' என்பதுபோல் வரும். இந்த 'ஜே' யேகரின் பெயரைக் குறிப்பது. ஹாம்பர்க்கின் சாலை எழுத்தும் ஜே என்பதால் புதியவர்கள் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வது வழக்கம். 1 முதல் 18 வரை சாதாரணச் சில்லறை; 297 முதல் 300 வரை முதல் உலகப்போர்க் கால மலிவு உலோகக் காசுகள். மொத்தம் 22 வகை.

எப்படிச் சேர்ப்பது என்பதில் மூன்று வழி உண்டு. வகைக்கு ஒன்று என்றால் 22 காசோடு முடிந்துவிடும். ஒரு வகையை எடுத்துக்கொண்டு ஆண்டுக்கு ஒன்று சேர்க்கலாம். ஆண்டு, சாலை இரண்டையும் கட்டம் போட்டு நிரப்புவது மூன்றாவது வழி. 1890 முதல் 1916 வரையான ஒரு பெனிக்குக்கு 27 ஆண்டு, ஆறு சாலை, ஆக 162 கட்டம். எல்லாச் சாலையும் எல்லா ஆண்டும் அடிக்கவில்லை என்பதால் சில கட்டங்கள் இயல்பாகவே காலியாக இருக்கும். முதலில் 22 வகையைத் தொட்டுப் பாருங்கள். எந்த வகையில் மனம் நிற்கிறதோ அதில் மட்டும் மூன்றாவது வழிக்குப் போங்கள். முதல் நாளே எல்லா வகையிலும் கட்டம் போட்டவர்கள் பெரும்பாலும் பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

சிறிய கழுகு, பெரிய கழுகு

1889 வரை அடித்தவற்றில் கழுகு சிறியது, சுற்றிலும் வெற்றிடம் அதிகம். 1890 முதல் கழுகு பெரிதாகி வட்டத்தை நிரப்பிவிடும். இரண்டு காசைப் பக்கத்தில் வைத்தால் லென்ஸே வேண்டாம். மார்க்கில் பழையது 1887-இல் முடிகிறது, புதியது 1891-இல் தொடங்குகிறது.

எடையை மனப்பாடம் செய்ய ஒரு குறுக்குவழி இருக்கிறது. கிலோவை வெட்டித்தான் எடையை வைத்தார்கள். ஒரு கிலோ செம்பில் 500 ஒரு பெனிக், அல்லது 300 இரண்டு பெனிக். ஒரு கிலோ செம்பு-நிக்கலில் 400 ஐந்து பெனிக், அல்லது 250 பத்து பெனிக். வெள்ளியில் ஒரு பவுண்டு, அதாவது 500 கிராம் தூய வெள்ளிக்கு 100 மார்க். ஆகவே ஒரு மார்க்கில் சரியாக 5 கிராம் வெள்ளி, அரை மார்க்கில் இரண்டரை, 20 பெனிக்கில் ஒரே கிராம். காசில் வெள்ளி 90 சதவீதம், மீதி செம்பு. இதிலிருந்தே எல்லா எடையும் வந்துவிடும்.

1 பெனிக்: 2 கிராம், 17.5 மி.மீ. உலோகம் 95 பங்கு செம்பு, 4 தகரம், 1 துத்தநாகம்.
2 பெனிக்: 3.33 கிராம், 20 மி.மீ. 1873 முதல் 1877 வரை ஒரு வகை. பிறகு நீண்ட இடைவெளி விட்டு 1904 முதல் 1916 வரை பெரிய கழுகு.
5 பெனிக்: 2.5 கிராம், 18 மி.மீ. 75 செம்பு, 25 நிக்கல்.
10 பெனிக்: 4 கிராம், 21 மி.மீ. அதே கலவை.
20 பெனிக் வெள்ளி (1873–1877): 1.11 கிராம், 16 மி.மீ.
20 பெனிக் செம்பு-நிக்கல்: 6.25 கிராம், 23 மி.மீ. 1887–1888-இல் சிறிய கழுகு. 1890-இலும் 1892-இலும் பெரிய கழுகு.
25 பெனிக் (1909–1912): 4 கிராம், 23 மி.மீ., தூய நிக்கல்.
50 பெனிக் வெள்ளி, அரை மார்க்: 2.78 கிராம், 20 மி.மீ.
1 மார்க்: 5.55 கிராம், 24 மி.மீ.

விளிம்பையும் பாருங்கள். செம்பு, நிக்கல் காசுகளுக்கு வழவழப்பான விளிம்பு, வெள்ளிக்கு வரிவெட்டு.

இவற்றில் 20 பெனிக்கின் வரலாறு தனி. வெள்ளியில் அடித்தது கைக்கு அகப்படாத அளவுக்குச் சிறியது, மக்கள் வெறுத்தார்கள். பெரிதாக்கி நிக்கலில் கொடுத்தார்கள், அதையும் வெறுத்தார்கள். 25 பெனிக்குக்கும் வரவேற்பு இல்லை. மார்க்கைவிட ஒரு மில்லிமீட்டர்தான் குறைவு என்பது அதற்கு உதவவில்லை. புழக்கத்தில் அதிகம் தேயாததால் இந்த நிக்கல் காசுகள் இன்று நல்ல நிலையில் கிடைக்கின்றன. மக்களுக்குப் பிடிக்காத காசு சேகரிப்பவருக்கு நல்ல காசு.

50 பெனிக்கில் மூன்று வகை: 1875–1877-இல் இலைமாலை இல்லாதது, 1877–1878-இல் இலைமாலையோடு, 1896–1903-இல் பெரிய கழுகோடு. 1877-இல் முதல் இரண்டுமே உண்டு. ஆண்டை மட்டும் பார்த்து வாங்கினால் ஒரே வகை இரண்டு வந்து சேரும். 18 சாதாரண வகைகளில் இந்த மூன்றாவதுதான் பர்ஸைக் காலி செய்வது. 1896, 1898, 1901, 1903 ஆண்டுகளில் பெர்லின் மட்டும், 1900-இல் ஹாம்பர்க் மட்டும், 1902-இல் ஸ்டுட்கார்ட் மட்டும் அடித்தன. ஆறே காசுதான், எல்லாமே குறைந்த எண்ணிக்கை. 1905-இல் '50 பெனிக்' என்ற எழுத்தே போய் 'அரை மார்க்' வந்தது. ஏறக்குறைய அதே அளவுள்ள 10 பெனிக்கோடு மாற்றிப் பார்க்கும் தொல்லையும் தீர்ந்தது.

சாலை எழுத்தை வாசிப்பது

ஏ பெர்லின், பி ஹனோவர், சி பிராங்க்பர்ட், டி மியூனிக், இ சாக்சனி, எஃப் ஸ்டுட்கார்ட், ஜி கார்ல்ஸ்ரூ, எச் டார்ம்ஸ்டாட், ஜே ஹாம்பர்க். சாக்சனியின் சாலை 1887-இல் டிரெஸ்டனிலிருந்து முல்டன்ஹூட்டனுக்கு இடம் மாறியது, எழுத்து மாறவில்லை.

எழுத்து மிகச் சிறியது. பெனிக் காசுகளில் கழுகின் வாலை ஒட்டிக் கீழ்ப்பகுதியில் தேட வேண்டும். 10 மடங்கு லென்ஸ் போதும். அதற்கு மேல் போனால் வெளிச்சம் குறைந்து, தெரிவதும் தெரியாமல் போகும். விளக்கை நேர்மேலே வைக்காதீர்கள். பக்கவாட்டில் தாழ்வாக வைத்துக் காசைக் கையில் மெதுவாகச் சுற்றினால், தேய்ந்த எழுத்தின் நிழல் ஒரு கோணத்தில் எழுந்து நிற்கும்.

தேய்ந்த காசில் ஜி-யும் சி-யும் ஒன்றுபோலத் தெரியும். இ-யையும் பி-யையும், எஃப்-ஐயும் இ-யையும்கூட மாற்றிப் படிப்பார்கள். இங்கே வரலாறு கைகொடுக்கிறது. ஹனோவர் 1878-இலும், பிராங்க்பர்ட் அடுத்த ஆண்டிலும், டார்ம்ஸ்டாட் 1882-இலும் அடிப்பதை நிறுத்திவிட்டன. ஆகவே பெரிய கழுகுக் காசு எதிலும் பி, சி, எச் வர வழியே இல்லை. 1895-ஆம் ஆண்டுக் காசில் 'அரிய சி எழுத்து' என்று ஒருவர் விற்றால் அது தேய்ந்த ஜி. விற்பவர் ஏமாற்றுகிறாரா, ஏமாந்திருக்கிறாரா என்பது வேறு விஷயம்.

எஃப்-ஆ இ-யா என்ற சந்தேகத்துக்கு வரலாறு உதவாது, இரண்டு சாலையும் கடைசி வரை இயங்கின. எழுத்தின் அடிக்கோடு தெரியவில்லை என்றால் கட்டத்தில் பென்சிலால் எழுதி வையுங்கள். நல்ல காசு கிடைக்கும்போது மாற்றிக்கொள்ளலாம்.

தேய்மானத்தை அளப்பது

ஜெர்மன் வியாபாரிகளின் தர வரிசை, மேலிருந்து கீழாக: ஷ்டெம்பெல்கிளான்ஸ் (அச்சுப் பளபளப்பு மாறாதது), ஃபோர்ட்சூக்லிஷ், ஸேர் ஷேன், ஷேன், அதற்கும் கீழே ஸேர் குட், குட். கடைசி இரண்டையும் 'மிக நன்று', 'நன்று' என்று எடுத்துக்கொண்டு பணம் அனுப்பிவிடாதீர்கள். உருவம் பாதி அழிந்த காசுக்குத்தான் அந்தப் பெயர்.

கழுகின் மார்பில் இருக்கும் கேடயம்தான் காசின் மேடான இடம், முதலில் தேய்வதும் அதுதான். கேடயத்துக்குள் இருக்கும் குட்டிக் கழுகும் அதன் நடுவே உள்ள சிறு சின்னமும் கோடுகோடாகத் தெரிந்தால் ஃபோர்ட்சூக்லிஷ். குட்டிக் கழுகின் உருவம் மட்டும் தெரிந்து உள்விவரம் மழுங்கியிருந்தால் ஸேர் ஷேன். கேடயம் வெறும் மேடாகி, சிறகின் இறகுகள் ஒன்றோடொன்று கலந்துவிட்டால் ஷேன். அடுத்து மதிப்புப் பக்கத்தைத் திருப்பி விளிம்பின் மேட்டைப் பாருங்கள். அது எழுத்துகளின் காலைத் தொட்டுவிட்டால் தரத்தை ஒரு படி இறக்குங்கள்.

பொதுவாகக் கிடைக்கிற பெரிய கழுகு 1 பெனிக், 5 பெனிக், 10 பெனிக் காசுகளை ஃபோர்ட்சூக்லிஷுக்குக் கீழே வாங்காதீர்கள். விலை வித்தியாசம் சொற்பம். அரிய ஆண்டுகளுக்கு ஷேன் வந்தாலும் சரிதான். சிறிய கழுகுச் செம்புக் காசுகள் பல பத்தாண்டுகள் கைமாறித் தேய்ந்தவை. அவற்றில் ஸேர் ஷேன் கிடைத்தாலே திருப்திப்படலாம்.

எங்கே வாங்குவது, என்ன கேட்பது

வகைச் சேகரிப்பின் முதல் பாதி மலிவு: பெரிய கழுகு 1, 2, 5, 10 பெனிக், அரை மார்க், 1 மார்க், இரும்பு 5 பெனிக். இவற்றை ஒரே வியாபாரியிடம் ஒரே பொட்டலமாக வாங்குங்கள். இந்தியாவிலோ இலங்கையிலோ இருந்து வாங்குபவருக்குக் காசின் விலையைவிட அஞ்சல் செலவுதான் அதிகம் ஆகும். ஒவ்வொன்றாக வரவழைப்பது பணத்துக்குப் பிடித்த கேடு. எம்ஏ-ஷாப்ஸ் போன்ற தளங்களில் தொழில்முறை வியாபாரிகள் தரம் குறித்தே விற்கிறார்கள். ஈபேயில் மலிவாகக் கிடைக்கலாம், ஆனால் தரம் உங்கள் கண்ணைப் பொறுத்தது.

கிலோச் சரக்கு வாங்கலாமா? ஒரு பெனிக் என்றால் கிலோவுக்கு 500 காசு. எழுத்து வாசிக்கவும் தரம் பிரிக்கவும் பழகுவதற்கு அதைவிடச் சிறந்த பள்ளிக்கூடம் இல்லை. புதையல் கிடைக்கும் என்று மட்டும் நம்பாதீர்கள். மூட்டை உங்களிடம் வருவதற்குள் பல கை பார்த்திருக்கும்; 1902 ஜே அதில் தப்பி வருவது அபூர்வம்.

தனிக் காசுக்கு இரண்டு பக்கப் படத்தோடு எடையையும் கேளுங்கள். அரிய ஆண்டு என்றால் கடைசி எண், சாலை எழுத்து இரண்டுக்கும் நெருக்கமான படம் வேண்டும். படம் தர மறுப்பவரிடம் பேச்சை வளர்க்க வேண்டாம்.

கையில் வந்ததும் சோதனை

0.01 கிராம் காட்டும் சிறு தராசு, வெர்னியர் காலிப்பர், ஒரு சிறு காந்தம், 10 மடங்கு லென்ஸ். வேறெதுவும் தேவையில்லை.

முதலில் காந்தம். 25 பெனிக் தூய நிக்கல், காந்தத்தில் ஒட்டும். 5, 10, 20 பெனிக் செம்பு-நிக்கல் ஒட்டாது. ஒட்டும் 10 பெனிக் என்றால் அது 1916 முதல் வந்த இரும்புக் காசு. சாம்பல் நிறத்தில் ஒட்டாமல் இருந்தால் 1917 முதல் வந்த துத்தநாகக் காசாக இருக்கலாம். அதில் பொதுவாகச் சாலை எழுத்து இருக்காது. எழுத்து இல்லையே, அச்சுப்பிழையோ என்று பரவசப்பட வேண்டாம்.

அடுத்து எடை. தேய்ந்த காசு குறையும், அது இயல்பு. 1 மார்க் 5.4 கிராம் காட்டினால் கவலையில்லை. கூடினால்தான் சந்தேகிக்க வேண்டும். அதன்பின், கழுகு நிமிர்ந்திருக்கும்படி காசை இரண்டு விரலில் பிடித்து இடவலமாகத் திருப்புங்கள். மதிப்புப் பக்கமும் நிமிர்ந்தே வர வேண்டும். தலைகீழாக வந்தால் போலியா என்று பாருங்கள்.

அரிய காசுகளில் முழுப் போலியைவிடத் திருத்தல்தான் பெரிய தொல்லை. சாதாரண ஆண்டின் கடைசி எண்ணைச் செதுக்கி 1873 ஆக்குவார்கள். செம்பு, நிக்கல் பெனிக் காசுகளில் அந்த முதல் ஆண்டு தேடப்படுவது. வேறு சாலை எழுத்தைச் சுரண்டி ஜே ஆக்குவதும் உண்டு. லென்ஸில் அந்த எண்ணைச் சுற்றியுள்ள தரையைப் பாருங்கள். அச்சில் விழுந்த எண்ணின் அடியில் தரை ஒரே சீராக ஓடும். செதுக்கியதைச் சுற்றி மெல்லிய கீறல்கள் ஒரே திசையில் போகும், அந்தத் திட்டு மட்டும் நிறம் மாறியிருக்கும். ஒட்டவைத்த எண்ணாக இருந்தால் அடிவிளிம்பில் முடி போன்ற கோடு தெரியும். 20 பெனிக் வெள்ளியில் 1877 எஃப் மிக அரிது. அதைச் சான்றோ, திரும்பப் பெறும் உறுதியோ இல்லாமல் வாங்கக் கூடாது.

துலக்காதீர்கள்

நம் வீடுகளில் செம்பைக் கண்டால் கை தானாகப் புளிக்குப் போகும். காசுக்குப் புளி, எலுமிச்சை, வினிகர், விபூதி, பித்தளைப் பாலிஷ் எதுவும் கூடாது. அமிலம் மேல்தோலைத் தின்றுவிடும். காசு ஒரே சீரான இளஞ்சிவப்பாகி நிற்கும். பார்த்தவுடன் வியாபாரிக்குத் தெரிந்துவிடும், விலை பாதிக்கும் கீழே போகும், அதைத் திரும்பப் பெற வழியில்லை. உண்மையான அச்சுப் பளபளப்பு வேறு மாதிரி: காசைச் சாய்த்தால் ஒளி நடுவிலிருந்து விசிறிபோல் சுழலும். துலக்கியதில் ஒளி அசையாமல் தட்டையாக நிற்கும், நுண்கீறல்கள் மின்னும்.

போர்க்காலக் கடைசி அரை மார்க்குகளில், குறிப்பாக 1918, 1919 ஆண்டுகளில், கறுப்பு படிந்தவை நிறையக் கிடைக்கும். மக்கள் வெள்ளியைப் பதுக்கியதால் சாலையே அவற்றைக் கறுப்பாக்கி வெளியிட்டது. அந்தக் கறுப்பு அழுக்கு அல்ல, காசின் ஒரு பாகம். அது முழுதாக இருப்பதைத்தான் தேட வேண்டும்; வெள்ளிப் பாலிஷ் போட்டுப் பளிச்சென்று ஆக்கியவர்கள் ஏராளம்.

செய்யக்கூடியது இரண்டே. மண், தூசு என்றால் காய்ச்சி வடித்த நீரில் ஒரு நாள் ஊறவைத்து, தேய்க்காமல் மென்துணியில் ஒற்றி எடுங்கள். பிளாஸ்டிக் உறையிலிருந்து பச்சைப் பிசுக்கு ஒட்டியிருந்தால் தூய அசிட்டோன், கண்ணாடிக் கிண்ணத்தில், ஜன்னலைத் திறந்து வைத்து, அடுப்பும் விளக்கும் இல்லாத இடத்தில். நகப்பூச்சு அகற்றும் திரவம் வேண்டாம். அதில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும்.

இரும்புக் காசுகள் தனி வழக்கு. 5 பெனிக் 1915-இலும் 10 பெனிக் அடுத்த ஆண்டிலும் இரும்புக்கு மாறின. செம்பும் நிக்கலும் போர்த் தளவாடங்களுக்குப் போயின. துத்தநாகப் பூச்சு உரிந்த இடத்தில் துரு தொடங்கினால் அது நிற்காது. ஆகவே இரும்பை நீரில் ஊறவைக்காதீர்கள். வாங்கும்போதே துருப்புள்ளி இல்லாததைத் தேர்ந்தெடுப்பதுதான் ஒரே வைத்தியம். 1916 முதல் 1918 வரையான அலுமினிய 1 பெனிக் துருப்பிடிக்காது, ஆனால் நகம் பட்டாலும் கீறும்.

வைக்கும் இடம்

மென்மையாக வளையும் பிவிசி உறைகளைத் தவிருங்கள். அவற்றிலிருந்து கசிவதுதான் அந்தப் பச்சைப் பிசுக்கு. கொஞ்சம் விறைப்பான மைலார் (பாலியெஸ்டர் தாள்) உறை, அல்லது நடுவில் மைலார் சாளரம் உள்ள அட்டைச் சட்டம் நல்லது. அட்டையில் பின் அடித்தால் அதன் முதுகைத் தட்டி மட்டமாக்குங்கள். இல்லாவிட்டால் அடுத்த காசைக் கீறும். நல்ல காசுகளுக்கு வட்டக் கூடு வாங்கும்போது மில்லிமீட்டரைப் பாருங்கள். 17.5-க்கு 18 வாங்கினால் காசு உள்ளே ஆடும், விளிம்பு தேயும்.

ரப்பர் பேண்டு வெள்ளியைக் கறுக்க வைக்கும், அதில் கந்தகம் உண்டு. சென்னை, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் செம்புக்கும் இரும்புக்கும் ஈரம்தான் எமன். இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். நிறம் மாறும் வகை என்றால் எப்போது உலர்த்த வேண்டும் என்று அதுவே காட்டும். மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை, மற்ற நாளில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். இரும்பையும் துத்தநாகத்தையும் வெள்ளியோடு ஒரே டப்பாவில் போடாதீர்கள்.

கணக்கு

அட்டையின் பின்னால் யேகர் எண், ஆண்டு, சாலை எழுத்து, நீங்கள் போட்ட தரம், எடை. விலையையும் வாங்கிய இடத்தையும் அட்டையில் எழுதாமல் தனிப் பட்டியலில் வையுங்கள். காட்டும்போதும் மாற்றும்போதும் அது எதிரில் இருப்பவர் கண்ணில் பட வேண்டியதில்லை. கணினியில் வகைக்கு ஒரு தாள்: இடப்பக்கம் ஆண்டுகள், மேலே சாலை எழுத்துகள். அடிக்கப்படாத கட்டங்களை முதலிலேயே சாம்பல் நிறமாக்கிவிடுங்கள், இல்லாத காசைத் தேடி அலைவது மிச்சம். எந்த ஆண்டில் எந்தச் சாலை அடித்தது என்பதை நுமிஸ்டா தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். பெர்லின் அரசு அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவும் தன் காசுகளின் படங்களை இணையத்தில் வைத்திருக்கிறது. தேயாத காசின் கேடயம் எப்படி இருக்கும் என்று கண்ணைப் பழக்கிக்கொள்ள அதை ஒருமுறை பொறுமையாகப் பார்த்துவிட்டு வாங்கத் தொடங்குங்கள்.